டீசல் கலந்த கிணறு

குவளையை வாயருகே கொண்டுபோன பிறகுதான் அந்த மணம் தெரிந்தது. ஞாயிறு பூசை முடிந்து, இத்தாலியில் நான் இருந்த பலெர்மோ நகரத்தில் ரயிலேறி, பகேரியாவுக்கு அப்பால் இருந்த எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் அங்கே வேலை செய்து, தோட்டத்து ஓரத்திலேயே இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். வெயிலில் நடந்து வந்த தாகம் எனக்கு. குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று அசைந்தது.

"அக்கா, தண்ணி டீசல் மணக்குது," என்றேன். அவள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். அந்தப் பதில்தான் என்னைக் கலக்கியது. மூக்குக்குப் பழகிப்போகும் அளவுக்கு அவள் அதைக் குடித்திருக்கிறாள். அப்போது அவள் பிள்ளைத்தாச்சி. பல வருடம் காத்திருந்து தங்கிய முதல் பிள்ளை.

அவர்கள் தண்ணீர் அள்ளும் கிணற்றுக்கு மேலே, சரிவில், டீசல் தாங்கி நின்றது. தண்ணீர் இறைக்கவும் உழவு இயந்திரத்துக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். எண்ணெய் ஒழுகினால் தேங்கி நிற்பதற்கு, அப்படியான தாங்கியைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே சுவர் இருக்கவில்லை. தாங்கியின் அடியில் மண் கறுத்து ஈரமாகக் கிடப்பதை அத்தான் கண்டு, தோட்டத்துச் சொந்தக்காரியான சிஞ்ஞோராவிடம் சொல்லியிருந்தார். பழம் பறித்து முடியட்டும், பார்ப்போம் என்றாராம். கெட்ட மனுசி அல்ல. கணவர் இறந்த பிறகு அந்தத் தோட்டத்தோடு தனியே மல்லுக்கட்டியவர்.

அத்தான் போய்க் கிணற்றில் வாளியை விட்டு அள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து, வாளியிலும் அதே படலம் என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். அக்கா அவரை வாசலில் மறித்தாள்.

"வெளியிலை சொன்னால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போயிடும். கொஞ்சம் பொறுங்கோ."

வதிவிட அனுமதிப் பத்திரம் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"கீழை இருக்கிற சனமும் இந்தக் கிணத்துத் தண்ணியைத்தானே குடிக்குது," என்றார் அத்தான்.

அவர் சரிவில் இறங்கிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். அவருக்கு இத்தாலிய மொழி சரியாக வராது. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று, குடிப்பது போலக் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்தார். ஒரு வீட்டில் யாரோ கத்தினார்கள். அவரை அடித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

செய்தி கேட்டுச் சிஞ்ஞோரா வந்தபோது கோபமாகத்தான் காரிலிருந்து இறங்கினார். அக்காவின் வயிற்றைக் கண்டதும் அந்தக் கோபம் போய்விட்டது. தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்தவரும் அவர்தான். கிணற்றை மூடி முத்திரை வைத்தார்கள். தோட்டத்து வேலை அத்தோடு போயிற்று. பலெர்மோவில் லிபெர்த்தாத் தெருவில் இருந்த தன் வீட்டில் அக்காவுக்கு வேலை என்று சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்ததால் பெர்மெஸ்ஸோ தப்பியது. அதே நகரத்தில் சீசா என்ற பகுதியில் ஒரு சின்ன வீட்டுக்கு மூவரும் வந்தோம்.

அதன் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. பரிசோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிள்ளை கொஞ்ச நேரம் துடிக்காவிட்டால் அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்தபடி சோற்றைக் கையில் வைத்திருப்பார். பிள்ளை பிறந்த அன்று, அதன் விரல்களையும் காதுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளுக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலிலும், பள்ளிக்கூடத்தில் மூக்கால் ரத்தம் வடிந்த ஒரு நாளிலும், அந்தக் கிணறுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. அவளிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சிறிய தோட்டங்களுக்குத் தடுப்புச் சுவர் விதியிலிருந்து விலக்குக் கொடுக்கும் சட்டமூலம் ஒன்று பேச்சில் இருக்கிறது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லப் பகேரியாவில் கூட்டம் என்று கேள்விப்பட்டதும், தான் போகப்போவதாக அத்தான் சொன்னார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். மொழிபெயர்க்க மகளைக் கூட்டிப் போனோம். எண்ணெய் கசிந்த கதையை மட்டும்தான் சொல்லப்போகிறார் என்று நானும் நினைத்திருந்தேன்.

மண்டபம் நிறையத் தோட்டக்காரர்கள். சிஞ்ஞோராவைப் போன்ற முகங்கள், களைத்த முகங்கள். சுவர் கட்டச் சொன்னால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான் என்றார்கள். அது பொய்யாகவும் தெரியவில்லை. அத்தான் எழுந்தார். கிணற்றைப் பற்றியும் தாங்கியைப் பற்றியும் தமிழில் சொல்லச் சொல்ல, மகள் தடங்கலில்லாமல் இத்தாலிய மொழியில் சொல்லி வந்தாள்.

"என்ர மனுசி அந்தத் தண்ணியைத்தான் குடிச்சவ. அவ அப்ப பிள்ளைத்தாச்சி," என்றார்.

மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, நிறுத்தினாள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அவள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தான் சொன்ன வாக்கியத்தை அவள் மொழிபெயர்க்கவில்லை. "என் அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்தார். வயிற்றில் இருந்தது நான்," என்று இத்தாலிய மொழியில் சொன்னாள்.

தலைமை தாங்கியவர், இரக்கத்தோடுதான், அதனால் அவளுக்கு ஏதாவது பாதிப்பு வந்ததா என்று கேட்டார். இல்லை என்பாள், அவர்களும் பெருமூச்சு விட்டு அடுத்தவரை அழைப்பார்கள் என்று நினைத்தேன். அவள் தன் கைகளை ஒரு தரம் விரித்துப் பார்த்தாள்.

"அன்கோரா நோ," என்றாள்.

இன்னும் இல்லை.

அத்தானுக்கு அந்தச் சொல் விளங்கியது. அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.