விசாரணைக்கு ஜீப்பில் வந்தவர்கள்

பொது விசாரணை நடத்த மாட்டோம் என்று எந்த அரசும் எழுத்தில் சொல்லாது. துறை விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது பொது விசாரணை தேவையில்லை என்று சொல்லும். துறை விசாரணை முடிந்த பிறகு, அதுதான் முடிந்துவிட்டதே என்று சொல்லும். மாவட்ட அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த வாக்கியங்கள் எனக்கு அத்துப்படி. பணியில் இருந்தபோது அவை அழகாகவே தோன்றின.

மலைமேல் அரவேணுவில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இரண்டு மகள்கள். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே உடம்பில் இரத்தம் ஊறாத நோய். மாதந்தோறும் மலையிறங்கிப் போய் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். சென்ற ஆண்டு மூத்தவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லை. அதே வார்டில் இரத்தம் ஏற்றிக்கொண்ட வேறு சில பிள்ளைகளுக்கும் வந்திருந்தது. சின்னவளுக்கு மட்டும் இன்னும் இல்லை.

"யார் மேலயும் கேஸ் வேணாம் அய்யா," என்றாள் என்னிடம் வந்தபோது. "எப்படி வந்துச்சின்னு எல்லார் முன்னுக்கும் கேட்டுச் சொல்லணும். சின்னதுக்கும் அங்கதானே ஏத்துறேன்."

எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனு, சுகாதாரத் துறைக்குப் போய், அங்கிருந்து மேல்நடவடிக்கைக்காக அதே மருத்துவமனைக்குப் போனது. தன்னைத் தானே தீர விசாரித்த மருத்துவமனை, குறை ஏதும் இல்லை என்று பதில் அனுப்பியது. சென்னைக்கு எழுதினோம். பொது விசாரணை வைத்தால் மக்களுக்கு இரத்ததானத்தின் மேல் அச்சம் வந்துவிடும் என்றார்கள். ஏற்றிய இரத்தத்தின் பரிசோதனை விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதால் தர இயலாது என்றார்கள். கேட்பவள் நோயாளியின் தாய் என்று மேல்முறையீடு செய்ததற்கு இன்றுவரை பதில் இல்லை. தாயின் அந்தரங்கத்தையும் காக்கிறார்கள் போலிருக்கிறது.

பிறகு, எதிர்பாராமல், குன்னூர் அலுவலகத்துக்கு ஓர் அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. மருத்துவச் சீட்டுகளோடு காலையில் வந்துவிடு என்று அவளிடம் சொன்னேன்.

அன்று அலுவலக வாசலில் நான் நின்றிருந்தபோது ஒரு ஜீப் வந்தது. பின்னால் இன்னொன்று. அவளோடு மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள், லயத்து வரிசை வீடுகளின் பெண்கள், இரண்டு கிழவர்கள் எனப் பெருங்கூட்டமாக இறங்கினார்கள். எல்லாரும் சம்பளமில்லாத லீவு போட்டு, திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார்கள்.

வாசலில் இருந்த உதவியாளர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், விசாரணைக்கு வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா?"

அதிகாரி வெளியே வந்தார். "மனுதாரர் மட்டும் உள்ள வாங்க. மத்தவங்கல்லாம் கெளம்புங்க."

"அவங்க கேக்கத்தான் சார் கூட்டியாந்தேன்," என்றாள் அவள்.

"இது ரகசிய விசாரணைம்மா."

"தோட்டத்துல தராசு பிழைன்னு சொன்னா, காலையில ஆளெடுக்கிற எடத்துல எங்க எல்லார் முன்னுக்குந்தான் சார் தொரை எடைக்கல்ல வச்சிப் பாப்பாரு. உள்ள கூப்பிட்டுக் கதவ சாத்த மாட்டாரு."

"இது தோட்டமில்ல."

"இல்லதான் சார்," என்றார் பின்னாலிருந்து ஒரு கிழவர். "தோட்டம்னா இந்நேரத்துக்குத் தேத்தண்ணியாவது வந்திருக்கும்."

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கூட்டம் சத்தம் போடவில்லை, யாரையும் தள்ளவில்லை. படிகளில் உட்கார்ந்து காத்திருந்தது, அவ்வளவுதான். நான் முன்னால் போய், கதவைத் திறந்து வைத்தால் வெளியில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் பழைய பதவியை மரியாதையாக விசாரித்துவிட்டு, காரில் ஏறினார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. மனுதாரர் தரப்பினர் கூட்டமாகத் திரண்டு வந்து விசாரணையை நடத்தவிடாமல் செய்ததால், மேல்நடவடிக்கை கைவிடப்பட்டு மனு முடித்து வைக்கப்படுகிறது. அப்பழுக்கற்ற உத்தரவு. அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இவர்கள் ஜீப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

படித்துக் காட்டினேன். "நாங்க எங்க அய்யா தடுத்தோம், படியிலதானே உக்காந்திருந்தோம்" என்று ஒரு தடவை கேட்டாள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று சொல்லி, அதன் படிநிலைகளையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது வாரதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"வருஷக்கணக்கில் ஆகலாம்."

"சின்னதுக்கு இப்பவே உதடெல்லாம் வெளுத்துப் போச்சி. வியாழக்கிழம போகணும்." மருத்துவச் சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஏத்தலாமா அய்யா?"

வேறு மருத்துவமனைகளில் விசாரித்தேன். இரத்தம் எல்லாவற்றுக்கும் அந்த மருத்துவமனையிலிருந்துதான் போகிறது என்றார்கள்.

வியாழக்கிழமை நானும் அவர்களோடு பஸ்ஸில் போனேன். வளைவுகளில் சின்னவள் வாந்தியெடுத்தாள். வார்டில் நர்ஸ் பையைக் கொண்டுவந்து மாட்டியபோது, "இது சோதிச்சதா அம்மா?" என்று தாய் கேட்டாள்.

"சீட்டு ஒட்டியிருக்குதுங்களே, பாருங்க."

பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். எல்லாப் பரிசோதனைகளும் செய்யப்பட்டன என்று இருந்தது. மூத்தவளுக்கு ஏற்றிய பைகளிலும் அதைத்தான் ஒட்டியிருப்பார்கள். நர்ஸ் ஊசிக்காகக் கையைக் கேட்டாள். தாய் தானே மகளின் கையை எடுத்து நீட்டினாள்.