நூற்று முப்பத்திரண்டாம் பிரிவு

இணுவிலில் பிரெஞ்சு ரீச்சர் வீடு எது என்று கேட்டால், வாழைத்தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவர்கூட மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கை காட்டுவார். உதயகலா பிரான்சை மிதித்தவள் அல்ல. கட்டுநாயக்கா வரை போயிருக்கிறாள், அதுவும் புருசனை விமானம் ஏற்றிவிட. ஆனால் கலியாணப் பதிவு, பிள்ளைப் பதிவு, விவாகரத்து, காணிப் பங்கு என்று பிரான்சோடு முடிச்சுப்போட்ட எந்தச் சிக்கலும் அவள் வாசலுக்குத்தான் வரும். அவள் போனை எடுத்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டம் முழுவதும் அடங்கிய ஒரு அப்பைத் திறந்து, பிரிவைத் தேடிப்பிடித்து, வரிவரியாகத் தமிழில் சொல்லுவாள். முடிவில், "நான் லோயர் இல்லை, அங்கை ஒருக்கால் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ" என்பாள். ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரீச்சர் சொன்னால் சரி என்று போய்விடுவார்கள்.

ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவளுக்குத் தன் வீட்டுக் கதைக்கு மட்டும் சட்டம் பிடிபடவில்லை.

அந்த அப்பை அவளுக்குத் தந்தவன் புருசன் கேதீஸ்வரன். கலியாணம் முடித்து ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்பியவன், "கெதியிலை கூப்பிடுவன், நீர் பாசையைப் படியும்" என்று சொல்லிப் போனான். அவளும் படித்தாள். விசாதான் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குறையோடு திரும்பி வந்தது. அப்போதுதான் அவன், "எங்கடை அலுவல் எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு, வாசியும்" என்று தன்னுடைய கணக்கையே அவள் போனிலும் திறந்துவிட்டான். ஒருவர் ஒரு பிரிவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் மற்றவர் போனிலும் அது தெரியும். குறிப்பு எழுதினாலும் அப்படித்தான். உணவகக் குசினியில் வேலை செய்தவனுக்குக் கதைக்க நேரம் கிடைப்பதில்லை. அன்பாக நாலு வரி எழுதவும் வராது. ஆகவே சட்டத்தில் நட்சத்திரம் போட்டான். கணவன் மனைவி ஒன்றாக வாழக் கடமைப்பட்டவர்கள் என்ற பிரிவில் அவன் போட்டதைப் பார்த்து, பிரெஞ்சு ரியூசனுக்கு வந்த பிள்ளைகள் முன்னால் அவள் முகம் சிவந்துபோனாள்.

கொரோனா வருவதற்கு முந்திய வருசம் அவன் போன் நின்றது. ஒரு பையோடு வெளிக்கிட்டுப் போனான் என்று அவனோடு அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பொலிசில் எழுதிப் பார்த்தாயிற்று, தமிழ்க்கடைகளில் படம் காட்டிக் கேட்டாயிற்று. கிணற்றில் போட்ட கல்தான்.

அவனைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு: ஓர் ஆள் தன் இருப்பிடத்தில் காணப்படாமல், செய்தியும் இல்லாமல் போனால் நீதவான் அவரை 'இல்லாதவர்' என்று கொள்ளலாம். செத்தவர் அல்ல, இருப்பவரும் அல்ல. அதை முதன்முதல் வாசித்தபோது உதயகலாவுக்கு உடம்பு கூசியது. அவரைச் செத்தவராகக் கொள்ள அதன் பிறகு வருசங்கள் உருளவேண்டும், வழக்கு வேண்டும், தீர்ப்பு வேண்டும். பிரான்சில் நீதவான் அத்தனை வருசம் யோசித்துச் செய்வதை எங்கள் ஊரில் ஐயர் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடுவார்.

அதைத்தான் மாமி பாலேஸ்வரி கேட்டாள். நெஞ்சு வருத்தக்காரி. மகன் போன நாளிலிருந்து அரை உயிராக இருப்பவள்.

"நான் கண்மூட முதல் அவன்ரை காரியத்தைச் செய்துபோடுவம் பிள்ளை. நாள் தெரியாமல் போனவைக்கு அமாவாசையிலை செய்யலாமெண்டு ஐயர் சொல்லுறார்."

"உயிரோடை இருந்தா, மாமி?"

"இருந்தா வந்திருப்பான்."

உதயகலா கடைசியில் தலையாட்டினாள். ஒரு நிபந்தனை வைத்தாள். தன்னுடைய தாலியிலும் குங்குமத்திலும் ஒருவரும் கை வைக்கக்கூடாது. அவள் மனதில் அவன் இன்னும் செத்திருக்கவில்லை. மாமி அழுதுகொண்டே, "அது உன்ரை விருப்பம்" என்றாள்.

நாள் குறித்த கிழமை, வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம், அப்பைத் திறந்தவள் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் கண்டாள். தன் விரல்தான் பட்டிருக்கும் என்று எடுத்துவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் அது திரும்பவும் இருந்தது. கூடவே இன்னொன்று. இல்லாதவரின் மனைவி வேறு கலியாணம் செய்யலாம் என்று சொல்லும் பிரிவில்.

எங்கள் ஊரில் பேய்க்கு நடுச்சாமத்தைவிட உச்சிப்பொழுதுதான் பிடிக்கும் என்பார்கள். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் ஓய்ந்திருந்தது. உதயகலாவுக்கு வியர்த்த உடம்பு குளிர்ந்தது. இங்கே உச்சியென்றால் அங்கே காலை, சனம் ரயிலேறி வேலைக்குப் போகும் நேரம் என்பது அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது.

அந்தப் பிரிவின் கீழே குறிப்பு எழுதினாள்: "இஞ்சாருங்கோ, நீங்களோ இது?"

மறுநாள் பார்த்தபோது குறிப்பு இல்லை. பதிலும் இல்லை. திரும்பவும் எழுதினாள்: "இருக்கிறீங்களோ? ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அம்மா படுக்கையிலை." அதுவும் அழிந்துபோனது. செத்தவன் எழுதினால் பயப்படலாம். எழுதியதை அழிக்கிறவனை என்ன செய்வது? போனைத் தலாணிக்குக் கீழே வைத்தாள். அங்கிருந்தும் அது தன்னைப் பார்ப்பதாகப் பட்டது. அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சேலைகளுக்கு நடுவில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதாக நினைத்து, அலுமாரிப் பக்கம் போகவே பயந்தாள்.

கேதீஸ்வரனின் தம்பி ஜெயசுதனிடம் மட்டும் வாய் திறந்தாள். அவன்தான் காரியம் செய்யப்போகிறவன்.

"தம்பி, ஆரோ நான் எழுதுறதை அழிக்கினம். அண்ணை இருக்கிறார்போலை."

"இருந்தா அம்மாவோடை ஒரு சொல் கதைக்கமாட்டாரே அண்ணி? ஆரோ அந்தப் போனைக் கண்டெடுத்து நோண்டுறாங்கள். உதை மூடி வையுங்கோ."

மூடி வைக்கத்தான் பார்த்தாள். காரியத்துக்கு முதல் நாள் மத்தியானம் மனம் கேட்கவில்லை. திறந்தாள். புதிதாக ஒரே ஒரு நட்சத்திரம். நூற்று முப்பத்திரண்டாம் பிரிவு. இல்லாதவர் திரும்பி வந்து தீர்ப்பு இரத்தானாலும், அவருடைய கலியாணம் முறிந்தது முறிந்ததுதான்.

அவள் அதை ஊராருக்குச் சொல்வதைப்போலத் தனக்கே தமிழில் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல விளங்கியது. அவன் வழி தவறவில்லை, அகப்படவும் இல்லை. எங்கோ ஒரு ரயிலில் சுகமாக இருந்துகொண்டு, தான் செத்தால் திரும்பப் பிழைக்கத் தேவையில்லையே என்று சட்டத்தில் பார்த்து உறுதி செய்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றியெரிந்தது.

காலையில், ஊர்ச்சனம் செத்தவர்களுக்குக் காரியம் செய்யும் கீரிமலைக் கரையில், கடல் அசையாமல் கிடந்தது. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். மாமி கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மகன் செத்துவிட்டான் என்பதைத் தாங்கிக்கொண்ட நெஞ்சு அது. உயிரோடிருந்தும் தாயை வேண்டாமென்றான் என்பதைத் தாங்குமா? ஐயர் பெயரைக் கேட்டார், ஜெயசுதன் சொன்னான். நட்சத்திரம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

"பூராடம்" என்றாள் உதயகலா.

ஐயர் அதைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பித்தார். ஜெயசுதன் பிண்டத்தை ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினான். உயிரோடு இருக்கும் ஒருவனுக்கு இதெல்லாம் நடக்கிறது என்பது அந்தக் கரையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தன் தோளுக்குப் பின்னால் அவன் வந்து நிற்கிறான் என்ற எண்ணம் அவளை விடவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஈரவேட்டிகள்தான் காய்ந்துகொண்டிருந்தன.

வீடு திரும்பி, மாமியைப் படுக்கவைத்துவிட்டு, நூற்று முப்பத்திரண்டாம் பிரிவின் கீழே எழுதினாள்: "இண்டைக்குக் கீரிமலையிலை உங்களுக்கு எல்லாம் செய்து முடிச்சாச்சு. இனி ஒருத்தரும் தேடமாட்டினம்."

எழுதிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை குறிப்பு அழியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே, தமிழில், ஒரு சொல் வந்தது.

"நன்றி."

எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதிக்குச் சொல்கிற சொல் அல்ல அது. கந்தோரில் அலுவல் முடித்துத் தந்த கிளாக்கருக்குச் சொல்வது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மாறி, கடவுச்சொல் பிழை என்று காட்டி, அப் அவளை வெளியே விட்டது.

"பிள்ளை" என்று மாமி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அவன் இனி ஆறுவான், என்ன?"

"ஓம் மாமி. ஆறிட்டார்."

ஊரெல்லாம் அவன் செத்துவிட்டான் என்று சொன்னபோது பிடிவாதமாகக் குங்குமம் வைத்திருந்தவள், அவன் உயிரோடிருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்ட அந்த மத்தியானம், கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.