‘பார்க்கலாம்’ அக்கா

வராமலே போகக்கூடிய ஒன்றுக்காக ஒருவர் எவ்வளவு தூரம் ஆயத்தமாகலாம்? காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் அக்கா ஜன்னல் கம்பியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிட்டு அதற்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கைக்குட்டை காற்றின்றித் தொங்கினால் பேருந்துகளை வரச்சொல்லிப் போன். படபடத்தால் ஒரு தேநீர். விறைத்து நின்றால் யாரோடும் பேச்சில்லை. மேசைமேல் உள்ள கணினி காற்றின் வேகத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. அக்கா அதையும் பார்ப்பார். பிறகு கைக்குட்டையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

உல்லாசக் கப்பலில் வருகிறவர்களை ஒரு பகல்பொழுது கரையில் சுற்றிக்காட்டித் திருப்பி அனுப்புவது தொழில். துறை ஆழமில்லாதது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். காற்று கூடினால் படகு இறக்க மாட்டார்கள். கப்பல் நேரே அடுத்த ஊருக்குப் போய்விடும். வழிகாட்டிகள் நனைந்துகொண்டு நிற்பார்கள், சொல்லிவைத்த சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே ஒவ்வொரு கப்பலுக்கும் அக்காவிடம் இரண்டு திட்டங்கள்: வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று. இரண்டாவதைத்தான் அதிகக் கவனத்தோடு போடுவார். இதைப் பொறுமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வராததற்கே பழகிப்போனதாகவும் இருக்கலாம்.

பயணிகளுக்குத் தரும் துண்டுத்தாளின் வாசகம் அவருடையது: “கோட்டை பார்க்கலாம். அருவி பார்க்கலாம். பழைய சந்தை பார்க்கலாம்.” தாளில் அது வாக்குறுதி. அக்காவின் வாயில் அதே சொல் வேறு.

“நாளைக்கு வண்டி உண்டா அக்கா?”

“பாக்கலாம்.”

“பல்வலி தேவலையா?”

“பாக்கலாம்.”

ஓட்டுநர்கள் அந்தச் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். முதல் பேருந்தை ஓட்டுகிறவர் அவருடைய கணவர். “கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கும் அதத்தான் சொன்னா. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கா போல” என்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

மகள் பேச்சு வந்தால் கணவரும் கேலியை நிறுத்திவிடுவார். மேலே படிக்கட்டுமா, தோழியோடு வெளியூர் போய் வரட்டுமா, எதைக் கேட்டாலும் அவளுக்குக் கிடைத்தது அதே பதில். ஒருநாள் பெட்டியைக் கட்டினாள். “எதக் கேட்டாலும் பாக்கலாம். நானே போய்ப் பாத்துக்கறேம்மா.” ஒரு கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போனதிலிருந்து அப்பாவோடு மட்டும்தான் பேச்சு.

அந்தக் கப்பல் சென்ற வாரம் இங்கே வருவதாக இருந்தது. முந்தின நாள் அப்பாவின் போனுக்கு மகளின் குரல்பதிவு வந்தது: “முதல் படகுலயே இறங்கறேன்ப்பா. அம்மாவையும் துறைக்கு வரச் சொல்லு. பாக்கலாம்னு சொன்னா திரும்பி ஏறிடுவேன்.” அக்கா அதைத் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார்.

காலையில் கணவர் முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, பேருந்தின் முன்னிருக்கையை அழுத்தித் துடைத்துவிட்டு அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தார். கைக்குட்டை படபடத்தது, விறைக்கவில்லை. காற்று, படகு இறக்கக்கூடிய எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பதாகக் கணினி காட்டியது. கப்பலிலிருந்து போன் வந்தது.

“கேப்டன் கேக்கறாருங்க. படகுத்துறை எப்படி? நீங்க சரின்னா இறக்கறோம்.”

இப்படிப்பட்ட காலைகள் அக்காவுக்குப் புதிதல்ல. போன பருவத்தில் இதே காற்றில், “பாக்கலாம், வாங்க” என்றார். படகு துறைச்சுவரில் மோதி ஒரு முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகும் இதே காற்றில் வேறு கப்பல்களை வரச் சொல்லியிருக்கிறார். அவை நல்லபடியாக வந்து போயின. கணவருக்கும் இது தெரியும்.

அக்கா கைக்குட்டையைப் பார்த்தார். கணவரின் சட்டையைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார் போனில்.

“என்னங்க?”

“வேண்டாம். போயிடுங்க.”

அந்த வாயிலிருந்து இப்படி முடிந்துபோன ஒரு சொல்லைக் கணவர் கேட்டதேயில்லை.

“காத்துதான் காரணமா?”

அக்கா பேருந்துப் பட்டியலை எடுத்தார்.

“அவ மேல இன்னும் கோவமா?”

முதல் எண்ணை அழுத்தினார்.

“பயந்துட்டியா?”

அக்கா இரண்டாவது திட்டப்படி பேருந்துகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் கப்பல் ஒரு சாம்பல் கோடாக நகர்ந்து மழைக்குள் போயிற்று. அதன்பின் வீட்டிலும் கணவர் கேட்டுப் பார்த்துவிட்டார். இன்றுவரை காரணம் வரவில்லை.

அன்று பிற்பகல் காற்று அடங்கிவிட்டது. கடல் தட்டுப்போலக் கிடந்தது. கணவர் ஜன்னலைக் காட்டினார்.

“பாரு. ஒரு தடவ பாரு.”

அக்கா எழுந்து போனார். கடல் பக்கம் கண்ணைத் திருப்பாமல், தொங்கிக்கொண்டிருந்த கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தினார்.