நாலாவது கேள்வி

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. ஒருவரைக் குளிப்பாட்ட உள்ளே கூட்டிப்போகும்போது அதை ஒருதரம் அமத்த வேண்டும். உடுப்பு மாற்றி வெளியே கூட்டி வரும்போது இன்னொருதரம். இடையில் எத்தனை நிமிடம் போனது என்று அது பதிந்துகொள்ளும். சுவிஸ் பனிக்குப் பழகிவிட்டேன், வாய்க்குள் நுழையாத ஜெர்மனுக்கும் ஒருமாதிரிப் பழகிவிட்டேன். இந்தப் பொத்தானுக்கு மட்டும் இன்னும் பழக முடியவில்லை. ஃப்ராவ் கெல்லர் என்று ஒரு அம்மா இருக்கிறார். தண்ணீரைத் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்புவார். முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. அவர் தொட்டுப் பார்க்கும் நேரமெல்லாம் என் கணக்கில்தான் ஏறும்.

ஏன் இந்தப் பொத்தான் என்றால், பெஞ்ச்மார்க்கிங். நன்றாகச் செய்கிறவர்களோடு நம்மை ஒப்பிட்டு நம் வேலையைத் திருத்திக்கொள்வதாம். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. எங்கள் மேலாளர் ஃப்ராவ் மாயர் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார். ஏரிக்கு அக்கரையில் உள்ள இல்லத்தில் ஒரு குளியல் ஒன்பது நிமிடம், எங்களிடம் பதினான்கு. எங்கள் கோடு சிவப்பு. "அவர்கள் செய்கிற எதை நாம் செய்யவில்லை?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவர்கள் எதைச் செய்யாமல் விடுகிறார்கள்?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கெனாவ்! மிகச் சரி! எதையெல்லாம் விடலாம் என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள்." அட கடவுளே, நான் சொன்னதென்ன, இந்த மனுசி விளங்கிக்கொண்டதென்ன! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இதே மாதிரி வரைபடத்தை நான் ஊரிலேயே ஒருதரம் பார்த்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் வீட்டுத்திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். எங்கள் படிவத்தில் நாலாவதாக ஒரு கேள்வி இருந்தது: 'அழிந்த வீடு யாருடையது?' மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். கல்யாணம் முடித்த ஆண் அங்கே வந்து குடியிருப்பான். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. அயலில் இரண்டு சாட்சிகளைத் தேடிப்பிடித்து அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வரைபடத்தோடு வந்தார். வேறொரு மாவட்டத்தில் இருந்த எங்கள் நிறுவனத்தின் அலுவலகம் எங்களுக்குப் பிடிக்கும் நாட்களில் பாதியிலேயே வேலையை முடிக்கிறதாம், நாங்கள் கடைசியாம். அவர்களுடைய படிவத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் நாலாவது கேள்வி இல்லை. 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கோடு மட்டும் இருந்தது. அங்கே எல்லோரும் அரச காணியில் குடியிருந்தவர்கள், யாரிடமும் உறுதி இருந்ததே இல்லை, அதனால்தான் அவர்கள் அதைக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஒரு நாள் பஸ் ஏறிப் போய் விசாரித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யார் போனோம்? ஒருவரும் போகவில்லை.

புதுப் படிவத்தோடு பெரியகல்லாற்றுக்குப் போனேன். அங்கே வீட்டைக் கடலுக்குக் கொடுத்த யோகமக்கா தன் கூடாரத்துக்கு வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டேன்.

"தலைவரோ? வீடு என்ட, மிஸ். எங்கட அம்மா தந்த. அவர் வந்து இருந்த மனிசன்தானே."

"எல்லாம் ஒண்டுதான் யோகமக்கா. பேரில என்ன கிடக்கு? இப்பிடி எழுதினாக் கெதியா வீடு வந்திரும்."

அவர் என் பேனையைப் பார்த்தார். "நீங்க படிச்ச ஆள். நீங்க சொன்னாச் சரிதான்" என்றார். நான் அவருடைய கணவரின் பெயரை எழுதினேன். என் கையெழுத்துத்தான், முத்து முத்தாக இருக்கும். வாவிப் பக்கமாக இருந்ததால் தப்பிய எங்கள் கல்லடி வீட்டை அம்மா அதற்கு முந்திய வருடம்தான் என் பெயருக்கு எழுதித் தந்திருந்தார். அதை வைத்துக்கொண்டுதான் இன்னொருத்தியிடம் பேரில என்ன கிடக்கு என்று கேட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் முதலிடத்துக்கு வந்தோம். கேக் வெட்டினோம், கேடயம் தந்தார்கள். பிறகு யுத்தம் முடிந்தது, நிறுவனம் மூட்டை கட்டியது. நானும் கல்யாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்தேன். அந்த முதலிடத்தை என் வேலை விண்ணப்பத்தில் பெருமையாகப் போட்டிருந்தேன். ஃப்ராவ் மாயர் அதைப் படித்துவிட்டுத்தான் என்னைப் பெஞ்ச்மார்க்கிங் குழுவில் சேர்த்தார். அனுபவசாலியாம்!

போன மாதம் யோகமக்கா தொலைபேசியில் வந்தார். யாரிடமோ என் இலக்கத்தை வாங்கியிருக்கிறார். கணவர் கதிரவெளிப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டாராம். இப்போது வந்து, வீடு தன் பெயரில்தான் இருக்கிறது, விற்கப்போவதாகச் சொல்லி நிற்கிறாராம். யோகமக்கா மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்; அவளுக்கு எழுத வேண்டிய வீடு அது. "லோயர் கேக்கிறார் மிஸ், அந்தப் பேர் எப்பிடி வந்த எண்டு எழுதின ஆள் ஒரு கடிதம் தந்தா நல்லமாம். நீங்கதானே எழுதின?" குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே நான் அடம்பிடித்து அக்கரை இல்லத்துக்குப் போனேன். இந்தமுறையாவது போய்ப் பார்ப்போமே. போய்ப் பார்த்தால், அவர்கள் தண்ணீரைத் திறக்கும்போதுதான் பொத்தானை அமத்துகிறார்கள், மூடியதும் திரும்ப அமத்துகிறார்கள். உடுப்புக் கழற்றுவதும் மாட்டுவதும் கணக்கிலேயே இல்லை. இவ்வளவுதான் அந்த ஒன்பது நிமிடத்தின் ரகசியம்! ஆனால் ஒரு நல்ல விஷயமும் பார்த்தேன். அங்கே ஒரு முதியவரை எப்போதும் ஒரே ஆள்தான் குளிப்பாட்டுகிறார். அதனால் யாரும் பயந்து கதிரையைப் பிடித்துக்கொள்வதில்லை. இதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திரும்பி வந்து மூச்சு விடாமல் சொன்னேன். ஃப்ராவ் மாயர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அடுத்த திங்களிலிருந்து நாங்களும் தண்ணீரைத் திறக்கும்போதுதான் பொத்தானை அமத்துகிறோம். கோடு பச்சையாகிவிட்டது. ஃப்ராவ் கெல்லரிடம் இன்றைக்கும் ஒரு புது முகம்தான் போகிறது.

இங்கே என் பேச்சு எடுபடவில்லை. கடிதமாவது எழுதலாமே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது நாலே வரி. 'படிவத்தில் வீடு யாருடையது என்ற கேள்வி இருந்தது. முதலிடத்துக்கு வருவதற்காக அதை எடுத்துவிட்டோம். நாங்கள் கேட்காமலே யோகம் அதற்குப் பதில் சொன்னார், வீடு தன்னுடையது என்று. அதை நான் காதால் கேட்டேன், எழுதவில்லை.' கீழே கையெழுத்து வைத்து, நொத்தாரிசிடம் கையெழுத்தை உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேலை விண்ணப்பத்தில் இருந்த முதலிடத்தையும் வெட்டினேன்.

கடிதம் கிடைத்ததும் யோகமக்கா தொலைபேசி எடுத்தார். வழக்கில் அதைச் சேர்த்தாயிற்றாம். லோயர் பதில் அனுப்ப விலாசம் கேட்கிறாராம். இங்கே எங்கள் தபால்பெட்டியில் என் கணவரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். வேறு பெயர் போட்டால் தபால் திரும்பிப் போய்விடுமோ என்ற பயத்தில் விலாசத்தின் முதல் வரியாக அவர் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அங்கயும் வீடு மனிசன்ட பேரிலயா, மிஸ்?"

"ஓம் யோகமக்கா" என்றேன். என் பெயரில் உள்ள கல்லடி வீட்டின் பித்தளைத் திறப்பு தொலைபேசிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் அது திறக்கிற கதவு எதுவும் இல்லை.