அரிது, மிக அரிது, படத்தில் உள்ளபடி

ஆன்லைனில் பழைய நாணயங்களை ஏலம் விடும் தொழிலில் சாதாரண நாணயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அரிது, மிக அரிது, உலகில் கடைசி ஒன்று என்று மூன்றே வகைதான்.

அப்படி ஓர் ஏலத் தளத்தில், பெங்களூரில் அடுகோடிப் பக்கம் இருக்கும் அலுவலகத்தில், சரிபார்ப்பு வேலை செய்கிறேன். விற்பவர் படமும் விவரமும் அனுப்புவார். நான் படித்துப் பார்த்து 'சரி', 'திருத்து', 'நிறுத்து' என்ற பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். தமிழில் அழைப்பவர்களோடு பேசுவதும் நான்தான். இதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. யாருடைய பொருளைச் சரிபார்க்கிறோமோ, அவரே எங்களுக்கு நட்சத்திரம் போடுவார். அந்த நட்சத்திரங்களை வைத்துத்தான் தகுதிகாண் காலம் முடிந்ததும் வேலை நிரந்தரமா, மூட்டை கட்டுவதா என்று முடிவாகும். காப்பியடித்துப் பிடிபட்ட பையனே வாத்தியாருக்கு மார்க் போடுகிற மாதிரி.

திருப்பத்தூரில் எங்கள் குடும்பத்திலேயே முதலில் டிகிரி வாங்கியவள் நான். முதலில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் என்ற பெருமையும் எனக்கே வந்துவிடுமோ என்று, 'நிறுத்து' அழுத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். "இது சரியில்லைங்க" என்று சொல்வதற்குச் சம்பளமும், அதைச் சொன்னதற்குத் திட்டும் வாங்கும் சக ஜீவன்களே, இது உங்களுக்காக.

புளி போட்டுக் குளித்த ராணி

ஆனேக்கல்லிலிருந்து ஓர் அம்மா விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் ஒன்றை ஏலத்துக்கு அனுப்பியிருந்தார். வருஷா வருஷம் வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் போடும் காசாம். படம் எடுப்பதற்கு முன்னால் புளி போட்டு, விபூதி போட்டு, வெள்ளிக்கிழமை விளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறார். காசு புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. ராணிக்கு மூக்கு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. "புத்தம் புதிய பளபளப்பு, மிக அரிது" என்று கீழே விவரம்.

சேகரிப்பவர்களுக்குப் பழைய காசின் மேல் தானாகப் படிந்த கறுப்புதான் முக்கியம். தேய்த்த காசு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் 'தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது' என்று விவரத்தில் எழுத வேண்டும், விலையையும் இறக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னேன். அந்த அம்மா கேட்டார்: "ஏம்மா, அழுக்கா வெச்சிருந்தா அதிக விலை, சுத்தமா வெச்சிருந்தா கம்மி விலையா? உங்க ஆபீஸ்ல வீடு வாசல் பெருக்குறவங்க ஒருத்தருமே இல்லையா?"

ஒற்றை நட்சத்திரம் வந்து சேர்ந்தது.

கம்பெனி அடித்த ராமர்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும், பதினெட்டாம் நூற்றாண்டுத் தேதியும், ராமர் பட்டாபிஷேகப் படமும் போட்ட செப்புக் காசுகள் வாரம் தவறாமல் எங்களிடம் வரும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கோயில் வாசலில் விற்கும் வில்லைகள் அவை. ஆனால் விவரத்தில் 'அரிசியை இழுக்கும் அபூர்வ சக்தி' என்று இருக்கும். வெள்ளைக்காரன் வியாபாரம் செய்ய வந்தானா, ராம பஜனை செய்ய வந்தானா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு விற்பனையாளர் காசையே கூரியரில் அனுப்பிவிட்டார், சோதித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. நான் 'நிறுத்து' போடப் போனேன். பக்கத்து சீட்டு நயாஸ் கையைப் பிடித்தான். அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரே வாக்கியத்துக்குள் தமிழ், தக்னி உருது, கன்னடம் மூன்றையும் ஓட்டுவான். "அரே, டெஸ்ட் பண்ணாம ரிஜெக்ட் பண்ணா அந்தாளு சண்டைக்கு வருவான்" என்று, டிபன் பாக்ஸிலிருந்து நாலு பருக்கையை டிஷ்யூ பேப்பரில் வைத்தான். காசைக் கிட்டே கொண்டுபோனோம். பருக்கை அசையவில்லை. நயாஸ் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னான்: "நம்ம கிட்டதான் மிஸ்டேக்கு மா. இது வெந்த அரிசி, கம்பெனி டைம்ல பச்சரிசிலதானே டெஸ்ட் பண்ணிருப்பாங்க?"

ஒரே கட்டைவிரல்

ஒரு சமயம் நாலைந்து வெவ்வேறு விற்பனையாளர்களின் படங்களில் ஒரே பச்சை விரிப்பும், நகம் நசுங்கிக் கறுத்துப்போன ஒரே கட்டைவிரலும் இருப்பதைக் கவனித்தேன். வேறு வேறு பெயரில் ஒரே ஆள் கணக்கு வைத்துக்கொண்டு, தன் காசுக்குத் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றும் கலை இது. ஏலத்தில் இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று நினைத்து மூன்றாவதாக ஒரு அப்பாவி நுழைவார். உடனே மற்ற இருவருக்கும் ஆர்வம் போய்விடும்.

எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன். அதில் ஒரு கணக்கின் சொந்தக்காரர் அழைத்தார். "நாங்கல்லாம் அண்ணன் தம்பிங்க மேடம். ஒரே ரத்தம், விரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்." சரி, அண்ணன் தம்பிகள் அத்தனை பேருக்கும் ஒரே நகமா நசுங்கும் என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஒரே கதவு மேடம்."

மரியாதை தெரிந்த மனிதர்

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தர்மபுரிக்கார அண்ணன் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து அழைத்தார். அவரிடம் அம்மன் படம் போட்ட பத்து ரூபாய்க் காசு இருக்கிறது. செல்போனில் ஒரு வீடியோவில் அதற்குப் பத்து லட்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீடியோக்காரர் வாங்கிக்கொள்ளத் தயார். முதலில் 'பதிவுக் கட்டணம்' மட்டும் அனுப்ப வேண்டுமாம். எங்கள் தளத்தில் இன்னும் அதிகம் கிடைக்குமா என்று கேட்கத்தான் அழைத்தார். அது கடைத்தெருவில் மாற்றக்கூடிய சாதாரணப் பத்து ரூபாய், லட்சக்கணக்கில் அடித்து விட்டிருக்கிறார்கள், தயவுசெய்து யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அவருக்கு என் மேல் வருத்தம்தான் வந்தது. கடைசியில் அனுப்பமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் மனசில்லாமல். போனை வைக்கும் முன் சொன்னார்: "அந்த ஆளு எவ்ளோ மரியாதையா பேசுறாரு தெரியுமா? வாங்க முதலாளின்னு கூப்பிடுறாரு. நீங்கதான் மேடம், எடுத்த எடுப்புல பத்து ரூபாய்னுட்டீங்க."

மிக அரிது சார்

எங்கள் தளத்தின் பெரிய விற்பனையாளர் ஒருவர் இருக்கிறார். எதை அனுப்பினாலும் 'மிக அரிது' என்று ஆரம்பிப்பதால் அவருக்கு 'மிக அரிது சார்' என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். என் தகுதிகாண் காலம் முடியப்போகிற நேரம் பார்த்து, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 வெள்ளி ரூபாய் ஒன்றை ஏலத்துக்கு அனுப்பினார். 1938 ஏராளமாகக் கிடைக்கும். 1939 நிஜமாகவே அரிது. அதனால் எட்டின் கீழ் வட்டத்தில் இடது பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கும் வேலை இந்தத் தொழிலில் உண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆண்டிலேயே முன்னால் ஓர் ஒன்பது இருக்கிறதே. இரண்டும் ஒரே அச்சில் வந்தவை என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? முதல் ஒன்பதின் வால் அழகாக வளைந்திருந்தது. கடைசி ஒன்பதின் வால் குட்டையாக, பக்கத்தில் அரம் பட்ட வழவழப்போடு இருந்தது. ஏலம் அதற்குள் தொடங்கி விலை ஏறிக்கொண்டிருந்தது; பெரிய விற்பனையாளர்களின் பொருளை முதலில் ஏலத்தில் விட்டுப் பிறகுதான் சரிபார்ப்போம், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

எங்கள் டீம் லீடர் ஷில்பா மேடத்திடம் காட்டினேன். மைசூர்க்காரர், நல்லவர். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "நோடம்மா, பாரு, நீ சொல்றது கரெக்ட். ஆனா கன்ஃபர்மேஷன் டைம்ல இவர்கிட்டயா? 'படத்தில் உள்ளபடி'ன்னு போட்டு விட்டுடு." படத்தில் உள்ளபடி என்பது எங்கள் அலுவலகத்தின் மகா மந்திரம். அதைப் போட்டுவிட்டால் பார்த்து ஏமாந்தது வாங்குபவரின் கண் செய்த தப்பு.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பிறகு 'கடைசி எண் திருத்தப்பட்டிருக்கிறது' என்று எழுதி, 'நிறுத்து' அழுத்தினேன்.

மறுநாள் மிக அரிது சார் நேரிலேயே வந்தார். பட்டு ஜிப்பா, ஜவ்வாது வாசனை. பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஷில்பா மேடத்திடம் கன்னடத்தில் சிரித்துவிட்டு என்னிடம் தமிழில் திரும்பினார். இரண்டு ஒன்பதையும் திரையில் பெரிதாகக் காட்டினேன். கோபமே படாமல் பார்த்தார். "கண்ணு, ஒரு வீட்டுல பொறந்த பிள்ளைங்களே ஒரே மாதிரி இருக்கிறதில்ல. நீ என்னடான்னா நம்பருக்கு ஜாதகம் பாக்குற."

காலிக் குழி

அந்த ரூபாய்க்கு அதிக விலை கேட்டிருந்தவர் ஜெயநகரில் பல் மருத்துவர். ஏலம் ஏன் நின்றது என்று அழைத்தார். நான் காப்பாற்றிய ஆள் இவர்தான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு நன்றியாவது வரும், அதை ஷில்பா மேடத்துக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். அவருடைய ஆல்பத்தில் ஆறாம் ஜார்ஜ் வரிசையில் அந்த ஒரு குழி மட்டும் பல வருடமாகக் காலியாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, அதை நிரப்பப்போவதாக இருந்தாராம்.

காசு திருத்தப்பட்டது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பல்லைப் பிடுங்கும் முன் ஊசி போடுகிறவரின் மென்மையான குரலில் சொன்னார்: "எனக்குத் தெரியாத வரைக்கும் அது ஒரிஜினல்தானேம்மா. உங்களை யாரு சொல்லச் சொன்னது?"

மதிப்பீடு

கடைசியில் அந்த நாள் வந்தது. ஷில்பா மேடம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். தண்ணீரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நட்சத்திரங்கள் கம்மி. மிக அரிது சார் தன் சரக்கில் பாதியை வேறு தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார். "நீ நிறுத்தினதுல ஒண்ணாவது தப்பா இருந்திருந்தா, 'இனிமே பாத்துக்கோ'ன்னு சொல்லி முடிச்சிருப்பேன். எல்லாமே சரியா இருக்கு. நான் என்னன்னு எழுதறது?"

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். விற்பவர்களுக்கு விவரம் எழுதிக் கொடுக்கும் டீமில் ஓர் இடம் காலி. இன்றே நிரந்தரம். வாங்குபவர் எதைக் கவனிப்பார், எதைக் கவனிக்கமாட்டார் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமாம். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "சிம்பிள்மா. இங்க நீ எந்த வார்த்தையைப் பார்த்தா நிறுத்துறியோ, அங்க அதை நீயே எழுதணும்."

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. 'நிரந்தரம்' என்ற சொல்லை நான் சொல்வதற்காக அவர் தினமும் போனில் காத்திருக்கிறார். "நான் இங்கேயே இருக்கேன் மேடம்" என்றேன். ஷில்பா மேடம் தகுதிகாண் காலத்தை நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். "சரி, இன்னும் மூணு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள ஒரே ஒரு தப்பாவது பண்ணிக் காட்டும்மா, நான் கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

ஆக, கண்ணில் பட்ட எல்லாமே அசல் என்ற உத்தரவாதத்தோடு விலைபோகும் இந்த அலுவலகத்தில், இன்னும் சோதனையிலேயே வைக்கப்பட்டிருக்கும் ஒரே பொருள் நான்தான்.