சமையலறைத் தரையில் ஒரு கோடு

நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன். "மனப்பாடம் பண்ணின தொடக்கம் வேணாம். சூரியன் உதிக்க வேணாம், பறவை பாட வேணாம். இந்த வாரம் வீட்டுல கண்ணால பாத்தத, காதால கேட்டத எழுதுங்க."

மலேசியாவில் கோப்பெங் பக்கம் பழைய தோட்டப் பள்ளி எங்களுடையது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஐந்து குடும்பங்கள்தான் மிச்சம். அங்கிருந்து வரும் சிறுமி ஒருத்தி நாலு வரிக்கு மேல் எழுதவேமாட்டாள். அன்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

சமையலறைத் தரையில் கோடு விழுந்ததாம். முதலில் எறும்பு போகுமளவு, பிறகு விரல் நுழையுமளவு. அம்மா அதன்மேல் பாய் விரித்தாராம். மறுநாள் பாய் நடுவில் தொய்ந்து கிடந்ததாம். சோறு வைத்துக் கூப்பிட்டாலும் நாய் உள்ளே வருவதில்லையாம். 'தறையில் காது வைத்தால் கீழே தண்ணீர் ஓடுகிறது' என்று முடித்திருந்தாள்.

'தறை'யை வட்டமிட்டுத் திருத்தினேன். கீழே, 'அருமையான கற்பனை' என்று எழுதினேன்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், இது கற்பனை இல்ல."

"பின்னே?"

"நீங்கதானே பாத்தத எழுதச் சொன்னீங்க?"

நோட்டை வாங்கிக் கடைசி வரியை மறுபடி படித்தேன். லயத்துக்குப் பின்னால் இருப்பது, ஈயம் தோண்டியெடுத்த பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை. தினமும் அதைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கு வருகிறேன்.

பள்ளி முடிந்ததும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் அம்மா பாயை விலக்கிக் காட்டினார். "மூணு வாரமா இப்படித்தான் டீச்சர். வீட்டுக்காரர் ஈப்போவுல லாரி ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம வந்து சிமெண்டு பூசிருவாரு லா."

மூன்று விரல் அளவுக்கு அகன்றிருந்த பிளவுக்குள் மடக்கிய குடையை விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை போனது. எதிலும் இடிக்கவில்லை. இழுத்தபோது நுனி நனைந்திருந்தது.

"அக்கா, இப்பவே வெளிய வாங்க."

"கொழம்பு கொதிக்குது டீச்சர்."

"கொதிக்கட்டும். வாங்க."

பொம்பாவுக்கு அழைத்தேன். தீயணைப்பு வீரர்கள் வந்து வீட்டைச் சுற்றி நாடா கட்டினார்கள். மற்ற வீட்டுக்காரர்களையும் கிளம்பச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பட்டப்பகலில் அந்தச் சமையலறை அப்படியே மண்ணுக்குள் இறங்கியது. ஆளில்லாததால் உயிர் போகவில்லை.

சிறுமியின் குடும்பம் பீடோரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. மாற்றல் கடிதம் வாங்க வந்த அன்று, அவள் நோட்டில் 'கற்பனை'யை அடித்துவிட்டு, 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்ற நான்கு குடும்பங்களும் சில வாரங்களில் திரும்பிவிட்டன. போக அவர்களுக்கு வேறு இடமில்லை. போன வாரம் அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி, பின்கதவு சாத்த வரவில்லை என்று எழுதியிருந்தாள். அன்றே போய்ப் பார்த்தேன். கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"மழையில மரம் உப்பிருச்சு டீச்சர்," என்றார் அவள் அம்மா.

ஒரு மாதமாக மழையே பெய்யவில்லை.