பொட்டு விழாத வரிசை

அந்த வருடம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெரம்பலூர் வாடகை அறைச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தேன். வெயிலில் உழைப்பவர்களின் சிறுநீரகம் பற்றி இதுவரை யார் எதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடி வரைபடமாக்குவதுதான் என் எம்.ஃபில். வேலை. இடப்பக்கம் தொழில்கள், மேலே நோய்கள். பிரவுசிங் சென்டரில் ஒரு கட்டுரை கிடைத்தால், அதற்குரிய கட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

கட்டட வேலைக்குப் பொட்டு உண்டு. அரியலூர்ப் பக்கம் இருப்பது போன்ற சுரங்கங்களுக்கு நெருக்கியடித்துக்கொண்டு உண்டு. கரும்பு வெட்டும் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

எறையூரில் என் அண்ணி கரும்பு வெட்டப் போகிறவர். வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார். வெட்ட வெட்ட மறைப்பு போய்விடும். பிறகு எங்கே ஒதுங்குவது? கொஞ்ச நாளாக நீர்க்கடுப்பு, கால் வீக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "நீதான் அதையே படிக்கிறியே, பாத்துச் சொல்லு, அப்புறம் போவோம்" என்பார். அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. கரும்பு, அறுவடை, கூலி, பெண் என்று சொல்லை மாற்றி மாற்றித் தேடினேன். வரிசை வெள்ளையாகவே கிடந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வரிசையை எடுத்துவிடச் சொன்னார். கட்டுரை இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்றுதானே பொருள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரும் போய்ப் பாக்கலைன்னுதான் சார் அர்த்தம். நோய் இல்லைன்னு இல்ல."

எங்கெங்கே, எந்தச் சொற்களால் தேடினேன் என்பதை எழுதிக் கொடுத்தால் வரிசை இருக்கட்டும் என்று கடைசியில் இறங்கி வந்தார். ஜெயித்த மிதப்பில் அன்று சாயங்காலமே எறையூருக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி யாருமே ஆராயவில்லை என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"அத்தனை பேரப் பாத்தவங்க எங்கள விட்டுட்டாங்கன்னா, எங்களுக்கு அது வராதுன்னுதானே விட்டிருப்பாங்க? நல்லவேளை, ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்."

பேராசிரியரிடம் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். திருப்பித் திருப்பிச் சொன்னேன். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்.

விடிந்ததும் கத்தியோடு கிளம்பினார். வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன். வாங்கி, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடந்தார்.